அரக்குக்கு மாம்பழ மஞ்சள்

லோரோபெட்டலம் என்று ஒரு செடி இருக்கிறது. அதில் ‘பர்ப்பிள் பிக்ஸி’ என்று ஒரு குட்டை ரகம். இதைப் பற்றி யாரிடமாவது பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாமல் போகிறது எனக்கு. என் கணவர் இப்போதெல்லாம் விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுகிறார், நான் செடிப் பக்கம் திருப்பிவிடுவேனோ என்று பயந்து. அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களை யாரும் உள்ளே இழுக்க முடியாது.

அதன் இலை நிறத்தை என்னவென்று சொல்வது! அரக்கும் கத்தரிப்பூ நிறமும் கலந்து, மேலே மெல்லிய மெருகு ஏற்றிய மாதிரி. கோடை வெயிலிலும் அதே நிறம், ஜனவரியில் பக்கத்து வீட்டு மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும்போதும் அதே நிறம். உயரம் இரண்டு அடியைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் பக்கவாட்டில் நாலு, ஐந்து அடி தாராளமாகப் பரவும். கிளைகள் நுனியில் கீழ்நோக்கி வளைந்து, நடைபாதையின் சிமெண்ட் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும். மார்ச் மாதம் வந்தால் அந்த அரக்கு இலைகளுக்கு நடுவே, காகிதத்தை மெல்லிய நாடாவாக நறுக்கித் தொங்கவிட்டது போன்ற இளஞ்சிவப்புப் பூக்கள். பூ இரண்டு மூன்று வாரம். எனக்கு அதுகூட வேண்டாம், இலை போதும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், ராலே நகரத்தை ஒட்டிய கேரி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற ஊர். கிழக்கு பார்த்த வீடு விற்பனைக்கு வந்தால் ஒரே வாரத்தில் போய்விடும் என்றால் புரிந்துகொள்வீர்கள். எங்கள் வீடும் கிழக்கு பார்த்ததுதான். இந்தப் பக்கத்து வீடுகளில் பலவற்றுக்கு, தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்கு வெற்றிடம் விட்டு, சுற்றிலும் செங்கல் எழுப்பி, அதன்மேல் மரச் சட்டத்தில் வீட்டைக் கட்டியிருப்பார்கள். அந்தச் செங்கல் அடித்தளம் வெறுமையாகத் தெரிவதை மறைக்கத்தான் சுவரோரமாக ஒரு பாத்தி வெட்டிப் புதர்ச்செடி வைக்கும் பழக்கம். அமெரிக்கர்களுக்கு இது ஏறக்குறைய ஒரு சடங்கு. 1927இலேயே லியனார்ட் ஜான்சன் என்பவர் ‘ஃபவுண்டேஷன் பிளான்டிங்’ என்ற தலைப்பில் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டுவிட்டார்.

பாத்தி என்று சொல்லிவிட்டேனே தவிர, அகலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவே ஆறு அடி. அதற்குள் ஒரு தண்ணீர்க் குழாய், காஸ் மீட்டர், அடித்தளத்துக்குக் காற்றுப் போக விட்டிருக்கும் கம்பி போட்ட துவாரங்கள், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய். ஜன்னல் விளிம்போ தரையிலிருந்து மூன்றரை அடிதான். இத்தனைக்கும் நடுவில், வீடு கட்டியவர்கள் நட்டுவிட்டுப் போன ஹாலிச் செடிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, ஒரே கரும்பச்சையில் சுவர்போல் எழும்பி, பாதி ஜன்னலை மூடி நின்றன. வருஷத்துக்கு மூன்று முறை இயந்திரக் கத்தரியால் டப்பா டப்பாவாக வெட்டினால்தான் வெளிச்சம். வெட்டினால் உள்ளே காய்ந்த குச்சி தெரியும். எல்லாவற்றையும் வேரோடு எடுத்துப் போட்ட அன்று எனக்கிருந்த சந்தோஷம் கிரகப்பிரவேசத்தன்றுகூட இருந்ததில்லை.

குரோட்டன்ஸ் வரிசையாக நின்ற வாசலில் வளர்ந்தவள் நான். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் குரோட்டன்ஸ் உண்டு. பூ என்றால் சாமிக்கும் தலைக்கும். வாசல் அழகுக்கு இலை. அந்தக் கண்ணுக்கு இந்த ஊர்ப் பச்சைப் பெட்டிகள் பிடிக்குமா? ஆனால் குரோட்டன்ஸ் ஒரு பனிக்குக்கூடத் தாங்காது. 2023இல் அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்ட குளிர் வரைபடத்தில் ராலே வட்டாரத்தின் பெரும்பகுதி 8ஏ மண்டலம். அதாவது, குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக உறைநிலைக்குக் கீழே ஒன்பது முதல் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அதையும் தாங்கி, வருஷம் முழுக்க வண்ணத்தோடு, முழங்கால் உயரத்திலேயே அடங்கி நிற்கிற செடிதான் நான் தேடியது.

தேடியது எங்கே தெரியுமா? ராலேயில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஜே.சி. ரால்ஸ்டன் ஆர்போரீட்டத்தில். அனுமதி இலவசம்! பத்து ஏக்கர்தான், ஆனால் இந்த மண்ணில், இந்தக் குளிரில், இந்த வெயிலில் எது பிழைக்கும், எது எவ்வளவு வளரும் என்று நட்டுக் காட்டுகிற இடம். 1976இல் இதைத் தொடங்கிய பேராசிரியர் ரால்ஸ்டன், அமெரிக்கத் தென்பகுதித் தோட்டங்களில் நாலைந்து வகைச் செடிகளையே திரும்பத் திரும்ப நடுவது பொறுக்காமல், புதுச் செடிகளைக் கொண்டுவந்து, அவற்றின் போத்துகளை நர்சரிக்காரர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தவர். 1996இல் கார் விபத்தில் இறந்துபோனார். இன்று இந்த ஊரில் யார் வாசலில் என்ன வித்தியாசமான செடியைப் பார்த்தாலும் அதன் பின்னால் அவர் கை இருக்க வாய்ப்பு உண்டு. நான் அவரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அங்கே கற்றது செடிகளின் பெயர்களை அல்ல, அகலத்தை. லோரோபெட்டலம் சீனா, ஜப்பான் பக்கத்துச் செடி. வெள்ளைப் பூவும் பச்சை இலையுமான வகை இந்த நாட்டுக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அரக்கு இலை வகைகள் 1980களின் இறுதியில் வந்ததும்தான் பைத்தியம் பிடித்தது. ஐந்து, ஆறு அடி வளரும் என்று நம்பி ஆயிரக்கணக்கான வீடுகளில் ஜன்னலுக்கு அடியில் வைத்தார்கள். அதுவோ பன்னிரண்டு, பதினைந்து அடிக்குப் போய் மரமாகிவிட்டது! இந்தப் பக்கம் பழைய குடியிருப்புகளில் காரில் போனால் ஜன்னலை விழுங்கிய லோரோபெட்டலங்களை இன்றும் பார்க்கலாம். ஆகவே ‘லோரோபெட்டலம்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கவே கூடாது. ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நர்சரியில் தொட்டியில் இருக்கும்போது மரமாகப் போவதும் தரையோடு கிடக்கப் போவதும் ஒரே அளவில்தான் நிற்கும்.

சரி, அரக்கு நிறம் கிடைத்துவிட்டது. அதைச் செங்கல் சுவரை ஒட்டி வைத்தால்? காணாமல் போய்விடும். செங்கல் சிவப்புக்கு முன்னால் அரக்கு இலை பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ நிழல் விழுந்த மாதிரிதான் தெரியும். இந்த ஊரில் பாதி வீடுகளில் இதே கதை. நல்ல செடி, நல்ல விலை, ஆனால் கண்ணுக்கே படுவதில்லை. இதற்கு வழி பட்டுப்புடவைக் கடையில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும்: அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் பார்டர். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இரண்டுமே எடுக்கும்.

மாம்பழ மஞ்சளுக்கு வந்தவள் ‘கலைடாஸ்கோப்’ அபீலியா. அபீலியாவில் ‘லிட்டில் ரிச்சர்ட்’ என்ற பச்சை ரகத்தின் ஒரு கிளை தானாக நிறம் மாறி முளைத்ததிலிருந்து பிரித்தெடுத்த செடி இது. இரண்டரை அடி உயரம், மூன்றரை அடி அகலம், அவ்வளவுதான். கத்தரியே வேண்டாம். வசந்தத்தில் இலையின் நடுவில் பச்சை, ஓரமெல்லாம் எலுமிச்சை மஞ்சள், தண்டு நல்ல சிவப்பு. கோடையில் அந்த மஞ்சள் பொன்னாகக் கனியும். அக்டோபரில் ஆரஞ்சு ஏறும். குளிர் இறுக இறுகச் சிவக்கும். ஒரே செடிதான், நாலு பருவத்துக்கு நாலு உடை. போதாக்குறைக்குக் கோடை தொடங்கியதிலிருந்து இலையுதிர்காலம் வரை சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். தேனீயும் பட்டாம்பூச்சியும் காலையில் கதவைத் திறக்கும்போதே வேலையில் இருக்கும். ஒரே ஒரு கவனிப்பு: எப்போதாவது நிறம் இல்லாமல் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். பார்த்தவுடன் அடியோடு வெட்டிவிட வேண்டும். விட்டால் அதற்குத்தான் வளர்ச்சி வேகம், மஞ்சளை அமுக்கிவிடும்.

இப்போது அடுக்கைப் பாருங்கள். பின்னால் செங்கல் சிவப்பு. அதற்கு முன்னால் மஞ்சள் அபீலியா. அதன் காலடியில் அரக்கு லோரோபெட்டலம். கடைசியில் நடைபாதையின் சாம்பல் நிறச் சிமெண்ட். ஆறடிக்குள் நாலு நிறம், ஒன்றுக்கு ஒன்று எதிர். தபால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போகிறார் சார்! நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும் நாய்க்கு அவசரமில்லாத மாதிரி மெதுவாகப் போகிறார்கள்.

இதிலொரு சூட்சுமம் உண்டு, இலவசமாகச் சொல்லித் தருகிறேன். நர்சரியில் இரண்டு தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் தெரிந்தால் வாங்கலாம். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நேரில் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் தெருவிலிருந்து பார்க்கும்போது ஒட்டிக்கொண்டுவிடும். சிவப்பும் பச்சையும் இப்படித்தான் ஏமாற்றும்.

எல்லாமே கத்தினால் காதும் வலிக்கும், கண்ணும் வலிக்கும். நடுநடுவே பேசாமல் நிற்கிற ஒரு பச்சை வேண்டும். வழக்கமாக அந்த இடத்தில் பாக்ஸ்வுட் வைப்பார்கள். ஆனால் 2011இல் பாக்ஸ்வுட் கருகல் நோய் அமெரிக்காவில் முதலில் தென்பட்டதே இங்கே வட கரோலினாவிலும் கனெக்டிகட்டிலும்தான். இலை கொட்டிச் செடி எலும்பாகிவிடும் பூஞ்சை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்குக் கொண்டாட்டம். எனக்கெதற்கு அந்த வம்பு? குட்டை யோப்பான் ஹாலி வைத்தேன், ‘ஷில்லிங்ஸ்’ என்கிற ரகம். இலை நகக்கண் அளவு, முள் கிடையாது, தானாகவே உருண்டையாக வளரும். புதுத் துளிர் லேசாகச் சிவந்து வரும். மூன்று நாலு அடிக்குப் போகக்கூடியதுதான்; ஆனால் மெதுவாக வளர்வது, வருஷம் ஒருமுறை கைக்கத்தரியால் தொட்டால் ஜன்னலுக்குக் கீழேயே இருக்கும். வெயில், நிழல், காய்ச்சல், ஈரம் எதற்கும் முகம் சுளிக்காது.

யோப்பானைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. வட அமெரிக்க மண்ணுக்கே உரிய செடிகளில் காஃபின் உள்ளவை மிகச் சில. அதில் இது ஒன்று! பூர்வகுடிகள் இதன் இலையை வறுத்துக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். இந்த மாநிலத்தின் கடலோரத் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் வீடுகளில் யோப்பான் தேநீர் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல செடிக்குத் தாவரவியல்காரர்கள் வைத்த பெயர் ‘ஐலெக்ஸ் வாமிட்டோரியா’. பூர்வகுடிகளின் சடங்கு ஒன்றில் குடித்துவிட்டு வாந்தி எடுத்ததைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் பழியை இலைமேல் போட்டுவிட்டார்கள். வாந்திக்கும் இலைக்கும் சம்பந்தமே இல்லை. கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்த எனக்கு, வாசலில் காஃபின் செடி நிற்கிறது என்பதில் ஒரு தனிக் கர்வம்.

கராஜ் எங்கள் வீட்டில் தெற்குப் பக்கம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் வடபுறத்து மூலைக்குக் காலையில் ஒரு மணி நேரம் வெயில் வந்தால் அதிகம். அங்கே லோரோபெட்டலம் வைத்தால் அரக்கு மங்கிப் பச்சையடித்துப் போகும். அந்த மூலைக்கு நான் தேர்ந்தெடுத்தது ‘டியூக் கார்டன்ஸ்’ பிளம் யூ. பக்கத்து ஊர் டர்ஹமில் டியூக் பல்கலைக்கழகத்தின் சாரா பி. டியூக் தோட்டத்தில் 1958இல் கண்டெடுத்த ரகம். அரைமணி நேரக் கார் பயணத்தில் பிறந்த வீடு உள்ள செடி! ஊசி ஊசியாக, பளபளப்பான கரும்பச்சை இலை, விசிறி போல் வெளிப்பக்கம் விரியும் கிளைகள். மூன்று நாலு அடிக்கு மேல் போகாது, அதற்கும் பல வருஷம் எடுத்துக்கொள்ளும். மான் தொடாது. கேரியில் மான் தொடாத செடி என்றால் அதுவே பாதி தகுதி. இதற்குப் பக்கத்தில் அகல இலைச் செடி எதை வைத்தாலும் எடுப்பாக இருக்கும். நிழலில் நிறம் பேசாது, இலையின் வடிவம்தான் பேசும்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பூவுக்காக ஒரு செடி. ‘ராடிகன்ஸ்’ கார்டீனியா, இரண்டடி உயரத்துக்குப் பரந்து கிடக்கும் குட்டை ரகம். ஜூன் மாதம் பூத்தால் கதவைத் திறந்தவுடன் வாசனை கூடத்துக்கே வந்துவிடும். அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர் பெயரில் 18ஆம் நூற்றாண்டில் இதற்குப் பெயர் சூட்டினார்கள். அவர் இருந்தது பக்கத்து மாநிலமான தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில். செடி சீன தேசத்தது, பெயர் கரோலினாக்காரருடையது, வாசனை எங்கள் ஊருடையது. அம்மா வந்திருந்தபோது பாத்தி முழுக்கப் பார்த்துவிட்டு, “ஏன்டி, எல்லாம் வெறும் இலையா இருக்கே, இதுக்கா இவ்வளவு ஆட்டம் போட்டே?” என்றாள்.

“கீழ குனிஞ்சு பாரும்மா” என்றேன்.

குனிந்தவள் நிமிரும்போது கையில் இரண்டு பூ. அன்று முதல் அவள் ஊருக்குக் கிளம்பும் வரை என் கார்டீனியாவில் மலர்ந்த பூவை நான் பார்க்கவே இல்லை. எல்லாம் சுவாமி படத்துக்குப் போய்விட்டது.

கார்டீனியா கொஞ்சம் செல்லம், ஒத்துக்கொள்கிறேன். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த குளிர் மாதிரி வந்தால் இலை கருகும், வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். லோரோபெட்டலம்கூட அந்தக் குளிரில் இந்த ஊரில் பல இடங்களில் வாடி நின்றது. இந்த இரண்டுக்கும் அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். கரோலினாச் செம்மண் இயல்பிலேயே அப்படித்தான். ஆனால் செங்கல் சுவரை ஒட்டினால் கட்டுமானக் கலவையின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கியிருக்கும், இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மாநில விவசாயத் துறை ஏப்ரல் முதல் நவம்பர் வரை மண் பரிசோதனையை இலவசமாகவே செய்து தருகிறது. அட்டைப்பெட்டி வாங்கி வந்து மண்ணைப் போட்டுக் கொடுத்தால் போதும், எதைப் போட வேண்டும், எதைப் போடவே வேண்டாம் என்று எழுதியே அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரு சேவை இருப்பதைச் சொன்னால் இருபது வருஷமாக இங்கே இருப்பவர்களே வாய் பிளக்கிறார்கள்.

வேண்டாம் என்று ஒதுக்கியவையும் உண்டு. சிவப்பு இலை பார்பெர்ரி நிறத்தில் என்னை ரொம்பவே இழுத்தது. ஆனால் முள், அதோடு காட்டுக்குள் பரவி உண்ணி பெருக இடம் கொடுக்கிறது என்று நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்கள் ஜப்பானிய பார்பெர்ரி விற்பனைக்குத் தடையே போட்டிருக்கின்றன. நாண்டினாவின் சிவப்புப் பழங்களைத் தின்று ஜார்ஜியாவில் சீடர் வாக்ஸ்விங் பறவைகள் கூட்டமாகச் செத்தது பதிவாகியிருக்கிறது, பழத்தில் சயனைடு. நாண்டினா நிறம் வேண்டுமென்றால் காய்க்காத ‘ஃபயர்பவர்’ ரகம் இருக்கிறது, இரண்டடிதான், குளிரில் நெருப்பாகச் சிவக்கும். நல்ல செடிதான். ஆனால் இலைகள் கொத்தாக மேல்நோக்கி நிற்கிற அதன் தோரணை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ரசனைக்குக் காரணம் கேட்கக் கூடாது.

இடம் விடுவதில்தான் பெரிய சிக்கல். நட்ட புதிதில் பாத்தி பரிதாபமாக இருக்கும். செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண். கை துறுதுறுவென்று வரும், இன்னும் நாலு வாங்கிச் சொருகலாமா என்று. கூடாது! செடி முழுதாக வளர்ந்தால் எவ்வளவு அகலமோ அதில் பாதி, அதோடு இன்னும் ஓர் அடி சுவரிலிருந்து தள்ளி நட வேண்டும். அப்போதுதான் காற்றுத் துவாரம் அடைபடாது, சுவர் ஈரம் கோக்காது, மீட்டர் பார்க்க வருகிறவர் செடியை மிதிக்க மாட்டார். நெருக்கடியான பாத்தியில் கூட்டத்தைக் குறைக்கிற வழி குறைவான வகைகள்தான். நர்சரிக்குப் போனால் ஒவ்வொன்றிலும் ஒன்று என்று அள்ளிக்கொண்டு வரத்தான் மனம் சொல்லும். ஒரே செடியை மூன்று, நாலு இடத்தில் திரும்ப வைத்துப் பாருங்கள், ஆறடிப் பாத்தி பத்தடியாகத் தெரியும். நான் சுவருக்கு முன்னால் வைத்த வகைகளே ஐந்துதான்.

நடுவதற்கு இங்கே அக்டோபர், நவம்பர்தான் காலம். வெளியில் குளிர்ந்தாலும் மண்ணுக்குள் சூடு இருக்கும், வேர் இறங்கிக்கொண்டே இருக்கும். குழி தோண்டினால் சட்டி பண்ணலாம் என்கிற மாதிரி களிமண். அதில் மணலைக் கொட்டக் கூடாது, இறுகிவிடும். பைன் மரப்பட்டைத் தூளைக் கலந்து, பாத்தியைச் சுற்றியுள்ள தரையைவிடக் கொஞ்சம் மேடாக்கி, வேர்க்கட்டியின் மேல்பக்கம் மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே தெரிகிற மாதிரி நட வேண்டும். களிமண்ணில் செடி தாகத்தால் சாவதைவிடத் தண்ணீர் தேங்கிச் சாவதுதான் அதிகம்.

குடியிருப்போர் சங்கத்துக்கு, இங்கே ஹெச்.ஓ.ஏ. என்பார்கள், வாசலில் எதை மாற்றினாலும் வரைபடத்தோடு விண்ணப்பம் போட வேண்டும். போட்டேன். அனுமதி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பழைய ஹாலிகளைப் பிடுங்கிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா நேற்று டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் அபீலியாவின் அகலத்தை அளந்துகொண்டு போனார். அவருக்கு டிஸ்டிலியம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். லோரோபெட்டலத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஜார்ஜியாவில் மைக்கேல் டிர் உருவாக்கிய குட்டை ரகங்கள் சந்தையில் இருக்கின்றன. ‘சினமன் கேர்ள்’ என்று ஒன்று, துளிர் கருஞ்சிவப்பு ஊதாவாக வந்து பிறகு நீலப்பச்சைக்கு மாறும். அவர் வீட்டுச் சுவரோ வெள்ளை. வெள்ளைக்கு முன்னால் அந்த ஊதா எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. சனிக்கிழமை இருவரும் நர்சரிக்குப் போகிறோம், பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு.